சுவரில் ஒரு பனிக்காலம்

"கையெழுத்துப் போடு அங்கம்மா. உங்க எண்ணூர் குப்பத்துல ஆலைச் சாம்பல் விழலைன்னு எழுதியிருக்கேன். போட்டாத்தான் உன் மகனுக்கு ஆலையில வேலை."

ஆலை அதிகாரி அலெக்ஸாண்டர் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடி பேனாவை நீட்டினார்.

அங்கம்மா அதை வாங்கவில்லை.

"வலையில விழுது, சோத்துல விழுது. இல்லேன்னு எப்படி சார் போடுறது?"

"ஆதாரம் இருக்கா? ஒரு போட்டோ?"

அங்கம்மாவின் கண்கள் சுவரிலிருந்த படத்தில் நிலைகுத்தியிருந்தன. மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்த படம். வெள்ளை வெளேரென்று தரை, கறுத்த மொட்டை மரங்கள், பாதி புதைந்த படகு.

"கண்காட்சியில வாங்கினேன். ஏதோ வெளிநாட்டுப் பனி. பார்த்தாலே குளிருதில்ல?"

"எம் புருஷன் திருமலை படகு சார் அது. மூக்கு ஒடஞ்சிகீது பாரு."

"உளறாதே!"

"ஆனா எங்க ஊர்ல படகு இந்தாண்ட கெடக்கும். படத்துல அந்தாண்ட கீது."

அலெக்ஸாண்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கட்டையில் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறித்தான் விழும் என்று கண்காட்சியில் யாரோ விளக்கியது நினைவுக்கு வந்தது.

எழுந்து படத்தைக் கழற்றித் திருப்பினார்.

பின்னால் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது:

'எண்ணூர். மே மாதம், உச்சி வெயில்.'