‘உன்னை’ என்ற அட்டை

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு எதிரே, தையற்கடை மாடியில் போர்த்துகீசிய வகுப்பு நடக்கிறது. சன்னல் கம்பிகளின் நிழல் மாலை வெயிலில் தரையெங்கும் விழுந்து கிடக்கிறது. கீழே தையல் இயந்திரம் விட்டுவிட்டு ஓடுகிறது. இந்த வகுப்பில் மாணவர்களே சொற்கள். ஆளுக்கொரு அட்டையைப் பிடித்து வரிசையில் நின்றால் அதுதான் வாக்கியம். இப்போது அதீஃபின் முறை. தங்கள் நிக்காஹ் உண்டா இல்லையா என்று இன்று வகுப்பில் சொல்வதாகச் சாதியாவிடம் அவன் சொல்லியிருக்கிறான். அவளும் புதுச் சுடிதாரில் வந்திருக்கிறாள். ‘நேசிக்கிறேன்’ என்ற அட்டையைத் தான் வைத்துக்கொண்டு, ‘உன்னை’ என்பதை அவளிடம் நீட்டுகிறான். அந்த மொழியின் முறைப்படி அவனுக்கு அடுத்துப் போய் நிற்கிறாள். பின்வரிசையில் விசில். “ஷியோக் லா!” என்று உற்சாகக் கூச்சல். அவள் காதுத் தொங்கட்டான் நடுங்குகிறது.

“சார், இன்னொரு சொல் சேர்க்கலாமா?” அதீஃப் மேசையிலிருந்து ‘இல்லை’யை எடுத்து, உடன் படிக்கும் யும்னாவிடம் கொடுக்கிறான். யும்னா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி வரிசையின் தொடக்கத்தில் நிற்கிறாள். ஒன்றுமறியாத நூர்தீன் சார் கைதட்டுகிறார். “சபாஷ்! ‘இல்லை’ வந்துட்டா ‘உன்னை’ அங்க நிக்கக்கூடாது. சாதியா, ரெண்டு பேருக்கும் நடுவுல வாங்க. ஒவ்வொருத்தரா போர்த்துகீசியத்துல வாசிங்க.”

“நாவ்,” என்கிறாள் யும்னா. அடுத்து சாதியாவின் முறை.

“சொல்லு லா, எல்லாரும் காத்திருக்காங்க,” என்கிறான் அதீஃப்.

“தே.”

“ஆமோ,” என்று அவன் உரக்க முடிக்கிறான்.

“பிழையே இல்ல! அப்படியே நில்லுங்க, குரூப்ல போட ஒரு படம்.” சார் கைப்பேசியை உயர்த்துகிறார். சாதியாவின் அட்டையும் மெல்ல உயர்கிறது.

“கீழ எறக்கு,” என்கிறான் அதீஃப். “உன் முகம் தெரியல.”