பச்சை வட்டம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அதிகாரி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

அலுவலகத்தில் அவருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். எதிரிகள் அடித்த அளவுக்குத்தான் நாமும் அடிக்க வேண்டும், ஒரு கட்டில்கூடக் கூடுதலாகக் கூடாது என்று காலையிலிருந்து மேலிடத்தோடு தொலைபேசியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் வேலை, தொடக்கூடாத இடங்களின் பட்டியலை வைத்திருப்பது. எதிரி ஊரில் பள்ளிக்கூடம் எது, ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து வரைபடத்தில் பச்சை வட்டம் போடுவேன். குண்டு போடுகிறவர்கள் அந்த வட்டத்தை விட்டு விலகிப் போவார்கள். இரண்டு வருடமாக அந்த வட்டங்களை நம்பித்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்று அவர் கேட்டது அந்தப் பட்டியலைத்தான். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி.

இருநூறு கட்டில், நூறு கட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். விரல் இறங்கி இறங்கிக் கடைசி வரியில் நின்றது. பிரசவ விடுதி, ஆறு கட்டில்.

"இருக்கறதுலயே இதுதான் சின்னது. இதோட விட்டுடலாம், பாவம்," என்றார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

பொய் எழுதியது தெரிந்தால் வேலை போகும், ஜெயில்கூடக் கிடைக்கும். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"சார், அது ஆஸ்பத்திரி இல்ல. வெறும் வீடு. நான்தான் வேணும்னே அப்படி எழுதி வச்சேன்."

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நோயாளி ஒருவர்கூடச் சாகமாட்டார். வெளியே ஆஸ்பத்திரி என்றே அறிவித்துக்கொள்ளலாம். மேலிடத்தின் வாயும் அடைபடும். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

பின்னாலேயே கதவுவரை ஓடினேன். அந்த வீடு வேண்டாம் என்று கெஞ்சினால் விரல் ஒரு வரி மேலே போகும். அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி, இருபது கட்டில். அதை நான் பொய்யாக எழுதவில்லை.

கதவிலேயே நின்றுவிட்டேன்.

போருக்கு முன்பே அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்காவுக்குப் போன மாதம்தான் ஆள் மூலம் சொல்லியனுப்பினேன், விமானச் சத்தம் கேட்டால் எங்கேயும் ஓடாதே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே இரு என்று.