பரண்மேல் முப்பது பக்கம்

"ஏணிய எடுத்துடு, யக்கா. நான் கெஞ்சினாலும் சரி, அழுதாலும் சரி, எழுதி முடிக்கிற வரைக்கும் திருப்பி வைக்காத."

இருபதடி உயரத்தில், புளியமரத்துப் பரண்மேல் உட்கார்ந்து சொன்னான் தனசேகரன். சாமைக் கொல்லைக்கு வரும் காட்டுப்பன்றிகளை விரட்டக் கட்டிய பரண் அது. இன்று அதில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஒரு கட்டு வெள்ளைத் தாளோடும் நான்கு பேனாக்களோடும் ஏறியிருந்தான்.

"சாப்பாட்டுக்கு இன்னாடா பண்ணுவ?" என்றாள் கீழே நின்ற அக்கா நதியா.

"கயித்துல கட்டி அனுப்பு. நான் மட்டும் கீழ வரக் கூடாது."

ஆய்வேட்டை நாளைக் காலை பதினொரு மணிக்குள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே மூன்று முறை தவணை வாங்கியாயிற்று. "இனிமே கேக்காதே, அடுத்த வருஷம் வா" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

தனசேகரன் சோம்பேறி இல்லை. அதுதான் சிக்கல். விடிந்தால் கொல்லை வேலை, பிறகு மலையிறங்கிக் கல்லூரி, சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். மிச்ச நேரத்தில் எழுத உட்கார்ந்தால், உலகத்து வேலையெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். போன வாரம் மட்டும் ஆட்டுப்பட்டிக்குப் புதுக் கதவு போட்டான். பக்கத்து வீட்டு மாடுகளின் கொம்புகளுக்கு வண்ணம் அடித்தான். குக்கரோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தான். ஊரெல்லாம் சுற்றி எடுத்த விவரங்கள் நோட்டு நிறைய இருந்தன. ஆய்வேட்டில்தான் ஒரு வரி ஏறவில்லை.

நதியா ஏணியைப் புதருக்குப் பின்னால் போட்டுவிட்டு, முறத்தோடு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

பத்தாவது நிமிஷம் மேலிருந்து குரல் வந்தது.

"யக்கா, கோழிங்களுக்குத் தண்ணி வெச்சியா? நான் வேணா வந்து..."

"எழுதுடா!"

"இங்க ஒரு பலகை ஆடுதுக்கா. ஒரே ஒரு ஆணி அடிச்சிட்டு..."

"எழுதுடான்றேன்!"

அதன்பின் அவனே காதுகளில் பஞ்சை அடைத்துக்கொண்டு குனிந்தான்.

அந்த வழியாக வந்த வார்டு உறுப்பினர் கோபால்சாமி அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாம்மா, தம்பி மேல குந்தினு கீறான்?"

"முடியற வரைக்கும் எறங்க மாட்டானாம், மாமா. ஏணியக்கூட எடுக்கச் சொல்லிட்டான்."

"சாப்ட்டானா?"

"இன்னும் இல்லீங்க."

என்ன முடிகிற வரைக்கும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"படிச்ச புள்ளன்னா இதாம்மா! நாமெல்லாம் வாய மூடினு கெடந்தோம். அவன் உண்ணாவிரதத்துக்கு ஏறிட்டான் பாரு!"

நதியா வாயைத் திறப்பதற்குள் ஊருக்குள் ஓடிவிட்டார்.

அரை மணி நேரத்தில் மரத்தடியில் அறுபது பேர். போராட்டம் எதற்கு என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். முத்தம்மா தண்ணீர்த் தொட்டிக்கு என்றாள். சின்னராஜ் செல்போன் டவருக்கு என்றார். கடைசியில், ஜமுனாமரத்தூர் ரோட்டைப் பிடிக்க ஏழு கிலோமீட்டர் நடந்து தேய்ந்த கால்களே ஜெயித்தன.

"பஸ் விடு! பஸ் விடு!"

"அய்யோ, அவன் படிப்புக்கு எழுதறாங்க!" என்று நதியா கத்திக் கத்திப் பார்த்தாள். கோஷத்தில் அது எடுபடவில்லை.

பரணிலிருந்து எட்டிப் பார்த்த தனசேகரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அறுபது முகங்கள் தன்னையே அண்ணாந்து பார்ப்பதுதான் தெரிந்தது. தன்னைக் கண்காணிக்க அக்கா ஊரையே கூட்டிவிட்டாள் என்று நினைத்தான். மானம் போயிற்று. பேனாவைக் கீழே வைத்தால் கூட்டம் கையை ஆட்டிக் கத்தியது, எடுத்தால் கைதட்டியது. வாழ்க்கையில் முதல் முறையாக, நிமிராமல் எழுதினான்.

சேதி எட்டி, மத்தியானம் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, கோஷத்தைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியை மேல்நோக்கிப் பிடித்தார்.

"தம்பி, எறங்கி வாங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்!"

தனசேகரன் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தான்.

"தொந்தரவு பண்ணாதீங்க சார். இன்னும் முப்பது பக்கம் கீது."

அதிகாரியின் முகம் வெளுத்தது. "கோரிக்கையே முப்பது பக்கமா?"

"பின்னிணைப்பு வேற தனியா கீது சார்!" பஞ்சு மறுபடியும் காதுக்குள் போனது.

பின்னிணைப்பு என்ற சொல் அதிகாரியை அசைத்துவிட்டது. சிக்னல் கிடைக்கும் பாறைமேல் மூச்சிரைக்க ஏறி, போனில் பேசினார்.

"இல்ல சார், நிறுத்தவே மாட்டேன்றான்... நாலு வருஷமா நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு நம்ம டேபிள்லயே தூங்குதே சார், அந்த பஸ் ஃபைல்தான்..."

பாறையில் ஏறுவதும் இறங்குவதுமாக நாலு மணி நேரம் போயிற்று. வெயில் சாயும்போது ஓடி வந்தார்.

"உத்தரவு ஆயிடுச்சு! நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஊருக்குள்ள பஸ் வரும்!"

கூட்டம் ஆர்ப்பரித்த அதே நேரம், மேலிருந்து தனசேகரனும் அலறினான்.

"முடிச்சிட்டேன்!"

ஏணி வந்தது. இறங்கியவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. கோபால்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்மேல் ஊருக்கு இத்தனை அக்கறையா என்று தனசேகரனுக்கும் கண் கலங்கியது. நேரத்தோடு ஒரு வேலையை முடித்தால் இவ்வளவு மரியாதையா!

"எழுதினத குடுங்க தம்பி, ஃபைல்ல சேக்கணும்" என்று அதிகாரி கை நீட்டினார்.

"அய்யோ, இது காலேஜுக்கு சார். நாளைக்குக் குடுக்க வேண்டிய ஆய்வேடு!" என்று காதுப் பஞ்சைப் பிடுங்கியபடி சிரித்தான் தனசேகரன்.

அதற்குள் அதிகாரி முதல் தாளை வாங்கி உரக்கப் படித்துவிட்டார்.

"இன்றுவரை பேருந்தே வராத எங்கள் ஊர்: ஒரு கள ஆய்வு."

நதியா தம்பியின் காதருகே குனிந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். தனசேகரன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். ஆடிப் பாடும் ஊரைப் பார்த்தான். பிறகு அதிகாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"சார், அந்த பஸ்ஸ மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா?"