எதிர்ப்புச் சக்திச் செம்மல்

சிக்குன்குனியா வந்து போன பிறகும் கோமதிநாயகத்தின் விரல்கள் மடங்கவில்லை, கை மார்புக்கு மேல் எழவில்லை. "கிருமி எப்பவோ போயிட்டு அண்ணாச்சி. அது தெரியாம ஒங்க எதிர்ப்புச் சக்திதான் ஒங்க கை மூட்டுகளையே போட்டு அடிக்கி. அதை அடக்க மாத்திரை தாரேன்" என்றார் டாக்டர். எதிர்ப்புச் சக்தியை வளர்க்கச் சொல்லி ஊர் ஊராக மேடையேறிப் பெயர் வாங்கியவருக்கு முகம் பூரித்துவிட்டது. "பாத்தியாட்டி, எதிரி ஓடின பெறவும் விடமாட்டேங்கு! இதைப் போயி அடக்கவா?" என்று எழுந்துவிட்டார். "சட்டப் பொத்தான் மாட்ட ஆள் வேணும், இதுல வீரம் வேற" என்று முனகியபடி மனைவி செண்பகவல்லி பின்னால் போனாள்.

அடுத்த வாரமே 'எதிர்ப்புச் சக்திச் செம்மல்' பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை அவர் வாயருகே செண்பகவல்லிதான் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னை எந்தக் கிருமியும் நெருங்க முடியாது!" என்று அவர் முழங்கியபோது ஓர் ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. தலையை ஆட்டினார், ஊதினார். ஈ சாவகாசமாக நடந்து உதட்டோரம் வந்து நின்றது. கண்ணாலேயே மனைவியிடம் கெஞ்சினார்.

"மாத்திரை போடுவியளா?" என்று அவள் கேட்டது அரங்கம் முழுவதும் ஒலித்தது.