வல்லாரைச் சாறு

அண்ணனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தாடையைப் பிளந்து, பச்சைச் சாற்றை ஊற்றினான் வேலு. தர்மன் திமிறினான். பாதி உள்ளே போனது, மீதி கழுத்தில் வழிந்தது.

பார்ப்பவர்கள் விஷம் என்றே நினைப்பார்கள். வெறும் வல்லாரைதான். மறந்தது திரும்பும் என்று ஜுக்கிக் குடிசைகளில் யாரோ சொன்னதைக் கேட்டு, யமுனைக் கரைச் சேற்றில் முழங்கால் புதைய இறங்கித் தினமும் பறித்து வருகிறான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தர்மனுக்குத் தம்பியே பெரும்படை.

“சொல்லுண்ணே. உன் மண்டைய ஒடைச்சது யாரு?”

“மறந்துபோச்சுடா.”

“எவனா இருந்தாலும் கழுத்தை அறுத்து ஆத்துல வுட்டுர்றேன்.” வேலு உதைத்த உதையில் தண்ணீர்ப் பானை சிதறியது.

மூலையில் நின்ற பவுனு குனிந்து ஓடுகளைப் பொறுக்கினாள். புருஷன் மண்டையை உடைத்தது அவள்தான். ஸ்டேடியம் கட்டும் இடத்தில் கல் சுமந்து வந்த களைப்பில் சோறு குழைந்துவிட்டது. அதற்காகத் தர்மன் அவள் கழுத்தில் ஏறி மிதித்தான். கண் இருட்டும்போது கைக்குக் கிடைத்தது அம்மிக் குழவி. குழாயடிக்குப் போயிருந்ததாக எல்லோரிடமும் பொய் சொல்லிவிட்டாள்.

இப்போது வல்லாரையை அரைப்பதும் அவளே, அதே குழவியால். வேறு கீரையைக் கலக்கலாமென்றால் வேலு பக்கத்திலேயே குந்தியிருப்பான். குழவி உருண்டாலே தர்மன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். பாவம், தலைவலி என்று நினைத்துக்கொள்வாள்.

வேலு சட்டென்று திரும்பினான். “அண்ணி, நீ அன்னிக்கு நெசமா குழாயடிலதான் இருந்தியா?”

“ஆ… ஆமா,” என்றாள் தரையைப் பார்த்து. அந்தத் தயக்கம் அவனுக்குப் போதும். கூந்தலைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். இடுப்புக் கத்தி அவள் தொண்டையில் பதிந்தது, ரத்தம் கசிந்தது.

“வுடுடா அவள,” என்றான் தர்மன். “அவ அப்பிடிப்பட்டவ இல்ல.”

வேலு கத்தியை இறக்கினான். காறித் துப்பிவிட்டு வேலைக்குப் போனான்.

பவுனு தேம்பித் தேம்பி அழுதாள். இந்த மனுஷனையா அடித்தோம் என்று நெஞ்சை அறுத்தது. முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்தாள்.

“எம்மேல இம்மாம் பாசமா உனக்கு?”

தர்மன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு நொறுங்கும் பிடி.

“அவனே வெட்டிட்டா, அப்புறம் எனக்கு இன்னா மிச்சம், பவுனு?”