ஷூவில் ஒட்டிய செம்மண்

கணவன் கழற்றிப் போட்ட ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள் மனைவி.

“ஆபீஸ்ல ஏதுங்க செம்மண்?”

“வழியில எங்கயாவது ஒட்டியிருக்கும்.”

“பேன்ட் பாக்கெட்லயுமா?”

அவன் அவசரமாகப் பாக்கெட்டைத் தட்டிவிட்டான்.

“ஏரிக்கரைக்குத்தானே போனீங்க? எத்தனை நாளா நடக்குது இது?”

“இன்னைக்கு மட்டும்தான். சத்தியமா!”

“இன்னொருத்தியோட போயிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்!”

விடுவிடுவென்று உள்ளே போனாள். மேசையின் ஒரு பக்கம் அவளுடைய பொம்மைப் படை. மறுபக்கம் அவனுடையது, துணி போட்டு மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் போர் விளையாட்டு. அவள் துணியை இழுத்தாள். விரல் உயரச் சிப்பாய்கள் நின்ற பீடங்களில் எல்லாம், மாவு மாதிரி சலித்த செம்மண் அழகாக ஒட்டப்பட்டிருந்தது.

“எது கிடைச்சாலும் பாதிப் பாதின்னுதானே பேச்சு? என் ஆளுங்க மட்டும் காய்ஞ்ச காப்பித்தூள் மேல நிக்கணுமா?”

அவன் அவள் படையை நோக்கிக் குனிந்தான். குதிரை வீரனின் காலடியில் புல் கொத்துக் கொத்தாக நின்றது. தொட்டுப் பார்த்தான்.

“என் ஷேவிங் பிரஷ்ல பாதி முடியைக் காணோமேன்னு பார்த்தேன்.”

அவள் ஷூவை மெல்லக் கீழே வைத்தாள்.

“காப்பி போடட்டுமாங்க?”