சேனை

பிறந்து ஆறு மணி நேரமான தம்பி குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்க இசக்கிராணியைத்தான் கூப்பிட்டார்கள். சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால், அக்காதான் வைக்க வேண்டும் என்று தம்பி சுடலைக்கண்ணு ஒற்றைக்காலில் நின்றான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று, சர்க்கரைத் தண்ணீரை முதலில் தன் நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்பில்லை என்பது மட்டும் தெரிந்தது. சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து பிரித்தெடுத்த சொட்டு மருந்தை வீட்டோடு எல்லோரும் நாக்கில் விட்டுக்கொண்டு பதினொரு வருஷம் ஆகிறது. அதன்பின் யாருக்கும் சர்க்கரை வியாதி வரவில்லை. இனிப்பும் தெரியவில்லை.

விரலை நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை கண்ணை அகலத் திறந்து சப்புக்கொட்டியது. விரலை எடுத்த பிறகும் அதைத் தேடித் தலையைத் திருப்பியது. அறையில் எல்லோரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் அந்தச் சொட்டு மருந்தோடு உள்ளே வந்தாள். "சேனை வச்சாச்சுல்லா? சொட்டு போட்டுரலாமா?"

"ஒரு வாரம் கழிச்சுப் போட்டா என்ன?" என்றாள் இசக்கிராணி.

"எதுக்குக்கா? சர்க்கரையில அப்பாக்கு கால எடுத்தது மறந்துபோச்சா?" என்றான் தம்பி.

அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்து, சும்மா பார்ப்போமே என்று மறுபடியும் விரலை நனைத்து வைத்தாள். குழந்தை அதை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு, கொட்டாவி விட்டுக் கூரையைப் பார்த்தது.

"பாருங்க மதினி, அப்படியே உங்க குணம் வந்துட்டு" என்றாள் கட்டிலில் படுத்திருந்த தம்பி மனைவி.